தண்ணீருக்கு முன்னால் சைக்கிளில் போனவளுக்கு

எனக்கு எப்போதும் ஒரு சக்கர தூரம் முன்னால் போய்க்கொண்டிருந்த கலாக்காவுக்கு,

தண்ணீர் வந்துவிட்டது. நீ முதலில் கேட்பது அதைத்தான் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மேட்டூரில் திறந்து, கல்லணையில் பூவும் நெல்லும் தூவிப் பிரித்துவிட்டார்கள். புது ஆறு என்று நாம் சொல்கிற கல்லணைக் கால்வாயில் இறங்கி, தஞ்சாவூரைத் தாண்டி, ஒரத்தநாட்டுக்குத் தெற்கே நம் ஊர் மதகைத் தொட்டு, பேராவூரணிப் பக்கத்துக் கடைமடைவரை போய்ச் சேர்ந்துவிட்டது. நீ இல்லாமல் வந்த முதல் தண்ணீர். அதன் கூடவே நான் போனேன், உன் சைக்கிளில்.

இருக்கையைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருந்தது. முன்சக்கரம் புதியது. மற்றதெல்லாம் நீ விட்டுச்சென்றபடியே இருக்கிறது. கைப்பிடியில் நீ சுற்றிய சிவப்பு நாடாவைக்கூட நான் மாற்றவில்லை.

இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிப்பார்கள். ஆகவே உனக்கு நன்றாகத் தெரிந்ததையும் நான் சொல்லவேண்டியிருக்கும். பொறுத்துக்கொள். உன்னைப் பற்றி ஊரில் ஒரே ஒரு வாக்கியம் சுற்றிக்கொண்டிருக்கிறது: 'சைக்கிள் ஓட்டிச் செத்துப்போச்சு அந்தம்மா.' அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவைக்க எனக்கு மனமில்லை.

அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற மறு மாதமே நீ அந்த நீல நிறப் பந்தயச் சைக்கிளை வாங்கினாய். விரல் கனத்தில் டயர், கீழ்நோக்கி வளைந்த கைப்பிடி, ஒற்றைக் கையால் தூக்கிவிடக்கூடிய எடை. கரையோரத்து டீக்கடையில் நீ அதைச் சாய்த்து நிறுத்திய முதல் நாள் கடைக்காரர் ராசு அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது நினைவிருக்கிறதா?

"என்னக்கா, முழுக் காசையும் வாங்கிட்டு பாதி சைக்கிளத்தான் குடுத்திருக்கான்? கேரியர் எங்க, ஸ்டாண்டு எங்க, மட்கார்டு எங்க?"

"மீதிய ராசுகிட்ட வாங்கிக்கச் சொன்னாங்க. எடு."

"கைப்புடி வேற கெடாக் கொம்பு மாதிரி வளைஞ்சிருக்கு. முட்டுமா?"

"டீ ஆறிப்போச்சுன்னா முட்டும்."

நம் அண்ணனுக்கு மட்டும் இந்தச் சிரிப்பில் பங்கு இல்லை. வீட்டுக்கு மூத்தவர், நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர், ஊரில் நாலு பேர் மதிக்கிறவர். "அறுவது வயசுல ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு, சுடிதாரப் போட்டுக்கிட்டு... ஊரே சிரிக்குது கலா" என்றார். "சிரிக்கட்டும்ணே, காலையில சிரிச்சா உடம்புக்கு நல்லது" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாய்.

என்னை இதில் இழுத்துவிட்டதும் நீதான். சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்ன செய்தியை நான் உனக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ என் வாசலில் நின்றாய். நானோ கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவன், நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே யோசிக்கிறவன். அன்று கல்லணைக் கால்வாய்க் கரையில் உன் பின்னால் ஒரு பழைய சைக்கிளை மிதித்து வந்தபோது ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது. நம் சீமை சமதரை என்று நாம் சொல்வது காரில் உட்கார்ந்து சொல்கிற பேச்சு.

"நமக்கு மலை கெடையாதுடா சேகர். காத்துதான் மலை" என்றாய். "அதுவும் ஆடிமாசத்து மேல்காத்து இருக்கே, போகும்போது எறக்கம், திரும்பும்போது ஏத்தம். ஒரே ரோடுதான்."

"அப்ப திரும்பவே வேணாம்."

"என் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்க. வெட்கப்படாத. அதுக்குத்தான் அக்கா."

அப்படித்தான் வந்தேன், இத்தனை காலமும். உன் பின்சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் என் முன்சக்கரம். உன் இடக்கை முதுகுக்குப் பின்னால் வந்து விரல் நீட்டினால் அங்கே பள்ளம். உள்ளங்கை தாழ்ந்தால் ஆட்டு மந்தை. கை மேலே எழுந்தால் நிற்கவேண்டும். அறுவடைக் காலத்தில் அந்தக் கை அடிக்கடி எழும். பாதிச் சாலையில் நெல் காயும். கார்கள் அதன்மேல் ஏறிப் போகும், லாரிகள் ஏறிப் போகும். நீ ஒரு நாளும் ஏறியதில்லை. இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஓரத்துப் புல்லில் நடந்து கடப்பாய். நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த பெண் ஒருமுறை, "பரவால்லம்மா, மேலயே போங்க, உங்க டயரு கயிறு மாதிரிதான இருக்கு" என்றாள். "கயிறுன்னாலும் மிதிக்கிறது மிதிக்கிறதுதானம்மா" என்று நீ சொன்னாய்.

ஆனால் நான் உன்னை முழுமையாக வியந்தது தண்ணீரோடு நீ போன அந்தப் பயணங்களில்தான். கல்லணையில் திறந்ததும் முதல் தண்ணீர் எங்கே வந்திருக்கிறது என்று விசாரிப்பாய். விடியற்காலையில் அங்கே போய் நிற்பாய். அது போகிற வரைக்கும் கூடவே போவாய். மறுநாள் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குவாய். அது நடந்து போகிறவரின் வேகத்தில்தான் வரும் என்பதால் நீ கொஞ்ச தூரம் முன்னால் போய், ஒரு பாலத்தில் காலூன்றி நின்று, அது வந்து சேரும்வரை காத்திருப்பாய். முதல் தண்ணீர் அழகாக இருக்காது. நுரை, சருகு, பிளாஸ்டிக் பை, ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு கலங்கலாக வரும். அதன் முன்னால் கொக்குகள் ஓடும். அந்தக் கொக்குகளுக்கும் முன்னால் நீ.

எதற்காக இது என்று நான் கேட்டேன். கடைமடைக்குப் போனபோதுதான் விடை கிடைத்தது. அங்கே பாக்கியம் என்று ஒரு பெண், குத்தகைக்கு எடுத்த வயலில் நிற்பவர். உன்னைக் கண்டதும் வரப்பில் ஓடிவந்தார். "தண்ணி எங்க வந்திருக்கும்மா?" என்றார். "பட்டுக்கோட்டையத் தாண்டிருச்சு பாக்கியம். வந்துக்கிட்டே இருக்கு" என்றாய். அவர் என்னிடம் திரும்பி, "போன்ல ஆயிரம் சொல்வாங்க சார். வந்துருச்சும்பாங்க, வராது. நம்பி நாத்து விட்டுக் கருகுனது எங்களுக்குத்தான் தெரியும். கண்ணால பாத்துட்டு வந்தவங்க சொன்னாத்தான் நாங்க வெதைய நனைப்போம்" என்றார். அந்தக் கடைசி வாய்க்காலில் விதையை நனைப்பதா வேண்டாமா என்பதை உன் ஒரு சொல் தீர்மானித்தது. நீர்வரத்தைப் பற்றி நான் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன், அக்கா. அவற்றை நம்பி ஒருவரும் ஒரு கைப்பிடி விதையை நனைத்ததில்லை.

இனி, அந்தப் பாலத்தைப் பற்றி.

கால்வாய்க் கரைச் சாலை நம் ஊர் வாய்க்காலின் தலைமதகைத் தாண்டுகிற இடத்தில் ஒரு குறுகிய பாலம் இருக்கிறது. இரண்டு பக்கமும் இடுப்புயரக் கைப்பிடிச் சுவர் இருந்தது. அறுவடை மிஷின் அந்தச் சுவர்களுக்கு நடுவே நுழையாது. கையால் அறுக்க ஆள் கிடைப்பதில்லை. மிஷின் வராவிட்டால் நெல் வயலிலேயே சாயும். இதை நான் மறுக்கவில்லை. ஆகவே, போன ஆண்டு அறுவடைக்கு முன்னால், ஊர் கூடி வாய்க்கால் பக்கத்துச் சுவரைக் கடப்பாரையால் இடித்தது. முதல் அடி நம் அண்ணனுடையது. அவர் வயல்தான் முதலில் இருந்தது.

மிஷின் வந்தது, அறுத்தது, போனது. சுவர் திரும்ப எழவில்லை. ஒரு பக்கம் வெறும் விளிம்பு. கீழே மதகின் சிமெண்ட் தளம். நீ பழைய பெயிண்ட் டப்பாக்களில் மண்ணை நிரப்பி, வெள்ளையடித்து, அந்த விளிம்பில் வரிசையாக வைத்தாய். அண்ணனிடம் ஒரு யோசனையும் சொன்னாய். அப்போது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணே, வெளிம்புல குழி போட்டு இரும்புக் குழாயைச் சொருகிட்டா, மிஷின் வரும்போது கழட்டிக்கலாம். போனதும் மாட்டிக்கலாம்."

"ஏன், ஒன் சைக்கிளுக்கு ஊரு வேலி போடணுமா?"

"எனக்கு மட்டுமாண்ணே பாலம்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்கு நடந்தார். அந்தக் கேள்வி இன்னும் அங்கேயே கிடக்கிறது.

தை பிறந்தது. மறுபடியும் மிஷின் வந்தது. டப்பாக்களை எடுத்துக் கரைச் சரிவில் உருட்டிவிட்டார்கள். மறுநாள் காலை பனி. முன்சக்கரமே தெரியாத பனி. நான் தேர்வுப் பணிக்காகத் தஞ்சாவூரில் இருந்தேன். நீ தனியாகப் புறப்பட்டாய். பனியில் அந்த வெள்ளை டப்பாக்கள்தான் உன் அடையாளம்: அவை தெரிந்தால் பாலம் வந்துவிட்டது, நடுவுக்கு ஒதுங்கவேண்டும். அன்று அவை தெரியவில்லை. பாலம் இன்னும் வரவில்லை என்று நினைத்திருப்பாய். அப்படித்தானே? விளிம்பைத் தாண்டி விழுந்தாய். முறைப்படி வேறு வாய்க்காலுக்குத் தண்ணீர் விட்டு, நம் வாய்க்காலை அடைத்திருந்தார்கள். தண்ணீர் ஓடியிருந்தால் நீ நீந்திக் கரையேறியிருப்பாய். ஆண்டுதோறும் நீ எதற்காகக் காத்து நின்றாயோ, அந்தத் தண்ணீர் அன்று மட்டும் உன் கீழே இல்லை.

உன்னைக் கிடத்தியிருந்த பந்தலில் அண்ணன் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "சைக்கிள ஓட்டாத, ஓட்டாதன்னு எத்தனை தடவ சொன்னேன். சைக்கிளே எமனா வந்துருச்சு." வந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர், "அதைப் பழைய இரும்புக்குப் போட்டுருங்க, வீட்டுல வைக்காதீங்க" என்றார். நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் எல்லோருக்கும் வசதியாகப் போயிருக்கும். தம்பி துக்கத்தில் பேசுகிறான் என்று சொல்லிவிட்டுக் கலைந்திருப்பார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி, தணிந்த குரலில், ஒன்றே ஒன்று கேட்டேன்.

"டப்பாவ எடுத்தீங்களே அண்ணே, ஏன் திரும்ப வைக்கல?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மறுநாளும் மிஷின் வருமில்ல?" என்றார்.

அந்தப் பதிலில் பொய் இல்லை, தீய எண்ணமும் இல்லை. அதனால்தான் என் கோபம் ஆறவில்லை. மறுநாளும் மிஷின் வரும் என்பது எல்லோருக்கும் நினைவில் இருந்தது. மறுநாளும் நீ வருவாய் என்பது ஒருவருக்கும் நினைவில் இல்லை. விடிந்தால் அந்தப் பாலத்தை முதலில் கடப்பது யார் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் உன் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள், அக்கா. தெரிந்திருந்தது. ஆனாலும் நினைக்கவில்லை.

சரிவில் கிடந்த டப்பாக்களை நானே எடுத்து விளிம்பில் வைத்தேன். அலுவலகங்களுக்கு நடந்தேன், பாலம் தங்களுடையது என்றவர்கள் சாலை தங்களுடையதில்லை என்றார்கள். ஊர்க்கூட்டத்தில் உன் குழாய் யோசனையைச் சொன்னேன். "மிஷின்காரன் எறங்கிக் கழட்டிக்கிட்டு நிப்பானா சார்? அடுத்த ஊருக்குப் போயிருவான்" என்றார்கள். அண்ணனும் அவர்களோடு எழுந்து போனார். அன்றிலிருந்து நான் அவரிடம் பேசவில்லை.

இந்த நிலையில்தான் தண்ணீர் வந்தது.

உன்னைப் போலவே போனேன். விட்ட இடத்தில் மறுநாள் தொடங்கி, பாலத்துக்குப் பாலம் காலூன்றிக் காத்திருந்து போனேன். உன் சைக்கிளில் ஏறிய பிறகுதான் தெரிந்தது, நீ இத்தனை காலம் எனக்காக எவ்வளவு காற்றை வாங்கிக்கொண்டாய் என்று. முன்னால் முதுகு இல்லாத சாலை எவ்வளவு பெரிதாக இருக்கிறது! நீ அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

கடைமடையில் பாக்கியம் என்னை அடையாளம் காணவில்லை. சைக்கிளை அடையாளம் கண்டுகொண்டார். "இது அந்தம்மா சைக்கிளாச்சே" என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால், சாலையின் கடைசிவரை பார்த்தார். நீ பின்னால் வந்துகொண்டிருப்பாய் என்று நினைத்திருக்கிறார். நான் சொன்னேன். அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். வரப்புப் புல்லைக் கிள்ளிக்கொண்டே, "தண்ணி எங்க வந்திருக்கு?" என்று கேட்டார்.

"பட்டுக்கோட்டையத் தாண்டிருச்சு. வந்துக்கிட்டே இருக்கு."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்துட்டுத்தான் வர்றேன்."

அவர் எழுந்து வயலோரத்துக் குடிசைக்குள் போனார். விதை மூட்டையை இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

திரும்பும் வழி முழுவதும் எதிர்க்காற்று. வெயில் சாய்கிற நேரத்தில் நம் ஊர் மதகு வந்தது. வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்திருந்தார்கள்; பாலத்துக்குக் கீழே அது இரைந்துகொண்டிருந்தது. வேடிக்கை பார்த்த கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. அண்ணன் மட்டும் நின்றார். இடிந்த சுவர் இருந்த இடத்தில், உன் டப்பாக்களை ஒட்டி, விளிம்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நீல சைக்கிளைக் கண்டதும் அவருடைய இரண்டு கைகளும் தாமாகவே பக்கவாட்டில் விரிந்தன, மாட்டை மறிப்பதுபோல.

"ஓரத்துல வராதடா" என்றார். "நடுவுல வா."

அந்த ஒரு வாக்கியத்தை அவர் உன்னிடம் சொல்லியிருக்கலாம். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல என் வாய்வரை வந்தது. அவருடைய கைகள் இன்னும் விரிந்தபடியே இருந்ததைப் பார்த்தேன், சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. பாலத்தைக் கடந்து இறங்கி நின்றேன், அவ்வளவுதான்.

"அந்தக் குழாய்" என்றார், என்னைப் பார்க்காமல். "கலா என்ன சொல்லுச்சு அன்னைக்கு?"

"கழட்டிக்கலாம்னு சொன்னா. மாட்டிக்கலாம்னும் சொன்னா."

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் விளிம்பில் குழி போட்டார்கள். வெல்டிங் கடையிலிருந்து குழாய்கள் வந்தன. அண்ணனே நின்று சொருகவைத்தார் என்று ராசு சொன்னார். வெள்ளையடித்தது யார் என்று கேட்டேன். "வேற யாரு, பெரியவருதான். மேலெல்லாம் பெயிண்ட்டு. 'என்னய்யா, கோயில் காளைக்குப் பட்டை அடிச்ச மாதிரி நிக்கிறீங்க'ன்னு கேட்டேன். டீய அப்படியே வச்சுட்டுப் போயிட்டாரு" என்றார். நான் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு குழாயையும் பிடித்து அசைத்துப் பார்த்தேன். உறுதியாகத்தான் நிற்கின்றன.

ஆனால் இது ஆடி மாதம், அக்கா. ஆடியில் மிஷின் இந்தக் கரைக்கு வராது. எந்தக் குழாயும் நின்றுகொண்டுதான் இருக்கும். தையில் வரும். பனி வரும். அன்று இவற்றைக் கழற்றுவார்கள், சரிவில் போடுவார்கள். ஒருவர், "நாளைக்கும் மிஷின் வருமில்ல, கெடக்கட்டும்" என்று சொல்வார். யார் என்று இப்போதே என்னால் சொல்ல முடியாது. அண்ணனாக இருக்காது என்று நம்ப முயல்கிறேன்.

ஆகவே ஒரு வார்த்தை கொடுக்கிறேன். அறுவடை முடியும்வரை நான் தஞ்சாவூரில் இருக்கமாட்டேன். தேர்வுப் பணிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும். கழற்றுவது யாராக இருந்தாலும் சரி, மிஷின் பாலத்தைத் தாண்டிய கையோடு அந்தக் குழாய்களை அவற்றின் குழிகளில் நிறுத்துவது நானாகத்தான் இருக்கும். ஒவ்வொரு நாளும். மறுநாளும் மிஷின் வரும் என்றால் மறுநாளும். கடைசிக் குழாய் குழியில் இறங்கிய சத்தத்தைக் கேட்ட பிறகுதான் உன் சைக்கிளில் ஏறுவேன். பனியில் வருகிற யாருக்கும் பாலம் வந்துவிட்டது தெரியும்.

உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தே வந்த,
உன் கடைக்குட்டித் தம்பி
சேகர்